மிதியடியோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மகளிர் பக்கத்தில், தையல் கடை வெட்டுத்துணியை என்ன செய்யலாம் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். ஆவலோடு படித்தேன். மிதியடி செய்யலாம், சூடான பாத்திரம் பிடிக்கும் துணி செய்யலாம், பிறகு இன்னொரு விதமான மிதியடி செய்யலாம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எல்லாப் பத்திரிகைகளும் வெட்டுத்துணிக்கு இந்த இரண்டு வழியைத்தான் சொல்லி வருகின்றன. ஒன்று காலில் மிதிபடும், இன்னொன்று கரி பிடிக்கும். அது போகட்டும். துண்டுகளை ஒட்டித் தைக்கும் போர்வையெல்லாம் பனி கொட்டும் தேசத்துக்குச் சரி, நம் வெயிலுக்கு ஆகாது என்று கடைசிப் பத்தியில் ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு ஊர் பள்ளத்தூர். அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கும் முன்னால் ஒரு தையற்காரர் மகள். கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கோட்டையூர் பக்கம் செட்டியார் வீடுகளில் தை மாதம் கல்யாணம் என்றால் கார்த்திகையிலேயே அப்பாவுக்கு ஆள் வந்துவிடும். மிதி மிஷினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். முகப்புத் திண்ணையில் மிஷின், பக்கத்தில் ஜமுக்காளம் விரித்து வெட்டு. மெத்தை உறை, தலையணை உறை, திரை, ரவிக்கை, விசிறிக்கு ஓரம் என்று, பெண்ணுக்குப் பரப்பி வைக்கிற சாமானில் ஊசி பட வேண்டியது எல்லாம் அங்கேயே ஆகும். வேலை முடியும்வரை சாப்பாடும் அந்த வீட்டில்தான்.

ஆச்சிமார் துணியை அளந்து கொடுப்பார்கள், வெட்டியதை நிறுத்து வாங்குவார்கள். அப்பா அதைக் குறைச்சலாக எடுத்துக்கொண்டதில்லை. வட்டிக்கணக்கில் காலணாவை விடாதவர்கள் துணியில் மட்டும் விடுவார்களா என்பார். சாயங்காலம் மிஷினுக்கு உறை போடும் முன் வெட்டுத்துணியை மூன்று மூட்டையாகக் கட்டுவார். பருத்தி ஒன்று, பட்டு ஒன்று, சாட்டின், வெல்வெட் முதலானவை ஒன்று. பருத்தியில் நைந்தது விளக்குத் திரியாகும். நல்லது சுருக்குப்பைக்கும் தொட்டில் விரிப்புக்கும் போகும். பட்டுத் துண்டெல்லாம் கொட்டான் என்கிற ஓலைக்கூடையின் மூடிக்கு. மூன்றிலும் சேராத பிசிறுதான் எனக்கு. அதை வைத்துத்தான் பொம்மைக்குத் தைத்துப் பழகினேன். அந்த வீடுகளில் துணி குப்பைக்குப் போய் நான் பார்த்ததில்லை. மிதியடிக்குப் போயும் பார்த்ததில்லை. மிதியடிக்குத் தேங்காய்நார் இருந்தது.

இப்போது பனி தேசத்துக்கு வருகிறேன். மகள் இருப்பது அமெரிக்காவில், பஃபலோ என்ற ஊரில். பிள்ளைப்பேறு பார்க்கப் போன இடத்தில் ஒரு பனிக்காலம் முழுக்க இருக்கும்படி ஆயிற்று. ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிற ஊர் அது. மேற்கே இருந்து வரும் குளிர்காற்று, இன்னும் சூடு ஆறாத ஏரித் தண்ணீரைத் தாண்டி வரும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. கரை ஏறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. அதனால் சில மைல் தள்ளி வெயில் அடிக்கும்போதே இந்தத் தெருவில் மட்டும் கார் மறையும் உயரத்துக்குப் பனி கிடப்பது உண்டு. வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது. அது உறைந்து மூடிக்கொண்ட பிறகுதான் இந்தக் கொட்டல் அடங்குகிறது. இதெல்லாம் மருமகன் விளக்கியது. நான் கண்ணால் கண்டது, விடிகாலையில் பனி வாரும் வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போவதும், அது போட்ட தடம் காப்பி குடித்து முடிப்பதற்குள் மறுபடி மூடிக்கொள்வதும்தான். மார்கழி நடுவில் காலை ஏழே முக்காலுக்குச் சூரியன் உதித்து, மாலை ஐந்துக்குள் மறைந்துவிடும். வாசல் தாண்ட முடியாது. குழந்தை தூங்கும் நேரமெல்லாம் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

அடுத்த வீட்டில் ஒரு வயதான அம்மா. அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு நீள மேசை, ஒரு மிஷின், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வெட்டுத்துணி. வீட்டுக்காரரின் பழைய சட்டை, பேத்தியின் கவுன், ஜன்னல் திரையில் மிஞ்சியது, யாரோ கொடுத்தது. கோடையில் தோட்டம், முதல் பனி விழுந்ததும் பெட்டியைத் திறப்பது என்பது அவர் வழக்கம். ஆளுக்கொரு பெட்டியோடு இன்னும் இரண்டு மூன்று பெண்கள் வருவார்கள். என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம், அவருக்குக் காது மந்தம். துணியைத் தூக்கிக் காட்டியே பேசிக்கொண்டோம். ஒரு தையல்காரிக்கு இன்னொரு தையல்காரி சொல்ல வேண்டியது அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

அவர்கள் செய்வது முழுப் போர்வையை ஒரே மூச்சில் தைப்பதல்ல. சின்னச் சின்னச் சதுரங்களாகத் தைத்துக்கொண்டே போவார்கள். பிளாக் என்கிறார்கள். நான் கட்டம் என்றே எழுதுகிறேன். இன்று ஒன்று, நாளை இரண்டு என்று தைத்துத் தைத்து ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைப்பது. போர்வை எப்போது முடியும் என்று யாரும் கேட்பதில்லை. பெட்டி நிறைந்த அன்றைக்குத் தரையில் பரப்பி எதற்குப் பக்கத்தில் எது என்று பார்ப்பார்கள். அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்த எனக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தியது. ஒரு கட்டத்தைக் குழந்தை ஒரு தரம் தூங்கி எழுவதற்குள் முடித்துவிடலாம்.

கட்டங்களில் பல வகை. நடுவில் சிவப்புச் சதுரம் வைத்துச் சுற்றிலும் பட்டை பட்டையாக ஏறுவது ஒன்று. அந்தச் சிவப்பு வீட்டின் அடுப்பைக் குறிக்கும் என்று அவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. ஒன்பது சதுரம் சேர்ப்பது ஒன்று. நகத்தளவு துண்டைக்கூட விடாமல் கோணல்மாணலாக ஒட்டி, கடைசியில் சதுரமாக நறுக்கிக்கொள்வது ஒன்று. எனக்குப் பிடித்தது பட்டைக் கட்டம்தான். அதை நம் வாசகிகள் இன்றைக்கே வீட்டில் செய்யலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

மெல்லிய தாளில் 6½ இஞ்ச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக, நல்ல பக்கம் மேலே தெரிய ஒரு துணிப் பட்டையை வைக்க வேண்டும். ஒரு இஞ்ச் அகலமோ இரண்டு இஞ்சோ, எதுவும் ஆகும். அதன் மேல் இன்னொரு பட்டையை நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு சேரக் கவிழ்த்து, ஓரத்தோடு ஓரம் நிறுத்தி, கால் இஞ்ச் உள்ளே தாளோடு சேர்த்து அடியுங்கள். பிரித்து மடக்கி இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். இழுத்துத் தேய்த்தால் குறுக்கு இழை நீண்டுவிடும். வைத்து எடுத்தால் போதும். இப்படியே இரு பக்கமும் மூலை மூடும்வரை ஏறிக்கொண்டே போய், பிறகு தாளைத் திருப்பி அதன் ஓரத்தை ஒட்டி நறுக்கினால் கட்டம் ரெடி. தையலைக் கொஞ்சம் பொடியாக வைத்தால்தான் பின்னால் தாளைக் கிழிக்கும்போது துளை வழியே சுலபமாகப் பிரியும். நாலு கட்டத்தைத் திருப்பி வைத்துச் சேர்த்தால் தானாக ஒரு வைரம் விழும். யாரும் வரைந்தது இல்லை.

தாள் எதற்கு என்றால், துண்டுத்துணிக்கு இழை ஒழுங்கு கிடையாது. கைக்குழியில் வெட்டிய அரைவட்டத்திலிருந்து எடுத்த பட்டை ஒரு பக்கம் நேர் இழையாகவும் மறு பக்கம் கிராஸாகவும் இருக்கும். தாள் இல்லாமல் தைத்தால் அலை அலையாக நெளியும். அங்கே பழைய டெலிபோன் டைரக்டரி தாளைக் கிழித்து வைத்துக்கொண்டார்கள். இங்கே செய்தித்தாள் வேண்டாம். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இஸ்திரிச் சூட்டில் உங்கள் மை துணியில் ஏறிவிடும். ஆண்டு முடிவில் பிள்ளைகள் நோட்டில் எழுதாமல் மிஞ்சும் பக்கங்கள், சேலை மடிப்புக்குள் ஜவுளிக்கடையில் வைத்துத் தரும் வெள்ளைத் தாள் ஆகியவை போதும்.

நிறம் சேர்ப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் ஜோடி பார்ப்போம். அரக்குக்கு மஞ்சள், கிளிப்பச்சைக்கு ரோஸ். அந்த அம்மா நிறத்தைப் பார்ப்பதே இல்லை. வெளிர் ஒரு குவியல், அடர்த்தி ஒரு குவியல், அவ்வளவுதான் அவர் கணக்கு. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நிறமெல்லாம் மங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். மகள் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துக் காட்டினாள், அதுவும் அதையே சொன்னது. வெளிரும் அடர்த்தியும் தத்தம் இடத்தில் நின்றுவிட்டால், ஊதாவுக்குப் பக்கத்தில் பாக்குக் கலர் வந்தாலும் கண்ணை உறுத்தாது. எதை எடுத்தாலும் சேரும் என்று அவர்கள் பெட்டிக்குள் கண்ணை மூடிக் கை விடுவது இந்தத் தைரியத்தில்தான்.

குவியல் பிரிக்க அந்த ஊர் வெளிச்சம் தனிச் சுகம். வெளியே தரையெல்லாம் வெள்ளை. அதனால் வெளிச்சம் கீழே பட்டு மேலே ஏறி ஜன்னலுக்குள் வருகிறது. கையின் நிழல் துணியில் விழுவதில்லை. நம் வளவு முற்றத்தில் பதினொரு மணிக்கு விழுகிற வெயிலில் எந்தத் துணியும் வெளிறித்தான் தெரியும். இங்கே துணி பிரிப்பதானால் காலை ஏழு மணிக்கு, இல்லாவிட்டால் மழை மூட்டமான நாளில் உட்காருங்கள்.

என் கையிலிருந்த ஒரே நம்மூர்த் துணி, ஊறுகாய் பாட்டில்களைச் சுற்றிக் கொண்டுபோன பழைய காரைக்குடிக் கண்டாங்கி. முந்தானைப் பக்கம் கிழிந்தது. கரை மட்டும் கம்பியாக நின்றது. மயில்கண் கரை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை என்று மகள் எடுத்துச் சொல்லவும், அந்தப் பெண்கள் மேசையைச் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கட்டம் போட்ட துணியில் குறுக்குப் பட்டை வெட்டினால் கட்டமெல்லாம் சாய்சதுரமாகத் திரும்பிவிடும். ஒரே துணி இரண்டு துணியாகத் தெரியும். ஆனால் அரக்கும் சிவப்பும் வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கும் முன் சாயம் பார்க்க வேண்டும். துண்டை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து, சூடாக இஸ்திரி போட்டால் உண்மை தெரிந்துவிடும். நம் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்தித் துணி சாயம் போகிறது என்று அமெரிக்காவில் ஒரு காலத்தில் புகார் கிளம்ப, பிறகு ‘கட்டாயம் சாயம் போகும்’ என்று விளம்பரம் செய்தே விற்றார்களாம். சட்டைக்கு அந்தச் சாமர்த்தியம் செல்லும். போர்வைக்குச் செல்லாது.

சரி, வெயிலுக்கு வருவோம். அங்கே தைக்கும் போர்வையில் மூன்று அடுக்கு. மேலே கட்டங்கள், நடுவில் பஞ்சுத் தகடு, அடியில் முழுத்துணி. அந்தப் பஞ்சைத் தூக்கிவிட்டால் நம் ஊருக்கு ஆன பொருள் கிடைத்துவிடுகிறது. கட்டுரையாளர் யோசிக்காமல் விட்டது இந்த ஒன்றைத்தான். கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் சித்தி இனப் பெண்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், பழந்துணியில் ‘கவந்தி’ தைக்கிறார்கள். அதில் பஞ்சே கிடையாது. அடித்துணியை விரித்து, ஓரத்தில் தொடங்கி, துண்டுகளின் விளிம்பை மடக்கி மடக்கி ஓட்டுத்தையலால் சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடிப்பார்கள். மூலைக்கு மூலை முக்கோணமாக மடித்த துணிப் பூ வைப்பார்கள். மிஷினே தேவையில்லை. வங்காளத்தின் காந்தாவும் மராட்டியத்தின் கோதடியும் பழைய சேலைகளை அடுக்கித் தைத்ததுதான். இவர்கள் யாரும் பனியில் வாழ்பவர்கள் இல்லை.

நான் ஊர் திரும்பியபின் தைப்பது இரண்டே அடுக்கு. மேலே பட்டைக் கட்டம், அகலத்துக்கு 7, நீளத்துக்கு 12. ஆக 84 கட்டத்தில் 42-க்கு 72 இஞ்ச். அடியில் பழைய நூல் சேலை. சேலை அகலம் பெரும்பாலும் 45 இஞ்சுக்குக் குறையாது. மீதி நிற்கும் ஓரத்தை முன்பக்கமாக மடக்கி அடித்தால் அதுவே கரை. தனியாகப் பட்டி வெட்ட வேண்டாம். கட்டம் சேரும் மூலைகளில் ஆளுக்கொரு முடிச்சுத் தையல் போட்டுவிட்டால் துவைக்கும்போது அடுக்கு நழுவாது. தாளை அதற்கு முன்பே கிழித்துவிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

யாருக்கு இது? தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு புறப்பட்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களைக் கேளுங்கள். பகலில் வெயில் காயும், இரவில் தைப் பனி இறங்கும். சத்திரத்துத் தரையிலும் தோப்பிலும் படுக்கிறவர்களுக்குக் கம்பளி கனக்கும், வேட்டி போதாது. இந்த இரண்டடுக்கு பாதி விரிப்பு, பாதி போர்வை. மடித்தால் தோள்பைக்குள் அடங்கும். காலையில் பனியில் நனைந்தால் ஒரு மணி வெயிலில் காய்ந்துவிடும். நல்ல கோடையிலும் ஆத்தங்குடித் தரைக்கல்லில் வெறும் உடம்போடு படுத்தால் விடியும்போது முதுகு பிடித்துக்கொள்ளும் வயது எங்களுடையது. அங்கன்வாடியில் மதியம் படுக்கிற பிள்ளைகளுக்கும், ஏசி ரயிலில் கொடுக்கிற கம்பளியைத் தொட மனம் வராதவர்களுக்கும் இது ஆகும். இன்னும் சொல்லலாம், ஆனால் உங்கள் பக்கம் கொள்ளாது. கடிதத்தை வெட்டும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். தாராளமாக வெட்டுங்கள், துண்டுகளைத் தூர எறியாமல் இருந்தால் சரி.

வெயிலை விடப் பெரிய தடை ஒன்று நம் வீடுகளில் உண்டு. அது கட்டுரையில் வரவில்லை. ஒட்டுப் போட்ட துணி தரித்திரம் என்பார்கள். பிறந்த பிள்ளைக்கு வைக்காதே, விசேஷத்துக்கு விரிக்காதே. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன ஊரில் கந்தையைச் சேர்த்துத் தைத்தால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். அப்படியானால் தேரில் தொங்குகிற தொம்பை என்ன? சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று துண்டு துண்டாக வெட்டி ஒட்டித் தைத்ததுதானே அது? சாமி வீதி வருவதற்குத் துண்டுத்துணி ஆகும், நம் பேரப்பிள்ளை தூங்க ஆகாதா? அமெரிக்காவிலும் இந்தச் சுளிப்பு இருந்ததுதான். அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர். பருத்திக் காட்டில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலைச் சட்டையிலும் முழங்கால் தேய்ந்த கால்சட்டையிலும் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002-இல் அந்தப் போர்வைகள் நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. 2006-இல் அந்நாட்டு அஞ்சல்துறை அவற்றின் படத்தைத் தபால்தலையாகப் போட்டது. முழங்கால் தேய்ந்த இடத்தின் நீலம் வேறு, தேயாத இடத்தின் நீலம் வேறு. அந்த வேறுபாட்டையே அழகாக ஆக்கியிருக்கிறார்கள். மகள் படம் காட்டினாள், பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த இடத்தில் ஒரு கண்டனமும். நம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு விற்பதற்காகப் புதுக் கண்டாங்கியை வெட்டி ஒட்டுப் போர்வை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தறியில் உட்கார்ந்து ஒருவர் கையால் நெய்ததைக் கத்தரியால் சிதைத்து, சிதைத்ததற்கு இரண்டு பங்கு விலை. இது வெட்டுத்துணி வேலையில் சேராது. கட்டிக் கட்டி நைந்த சேலை கிடைக்காவிட்டால் சும்மா இருங்கள்.

நான் கேட்க வந்தது தையல் கடைக்காரர்களிடம் ஒன்று, அவர்களிடம் தைக்கக் கொடுக்கிறவர்களிடம் ஒன்று. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டுக்கு வீடு பிரித்துக் கேட்கிறார்கள். தையல் கடைச் சாக்கு மட்டும் இரண்டிலும் சேராமல் கிடக்கிறது. பருத்தி மக்கும், பாலியஸ்டர் மக்காது. இரண்டும் ஒரே சாக்கில், ஓவர்லாக் பிசிறோடும் டீ கிளாஸோடும் உடைந்த ஊசியோடும். பல இடங்களில் கடைசியில் தீ வைத்துவிடுகிறார்கள். அந்த நாற்றம் பாலியஸ்டர் உருகுவது.

நல்ல எண்ணத்தோடு சாக்கை வாங்கிவந்து வீட்டில் பிரிக்க உட்கார்ந்தால் சலித்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு இழை உருவி நெருப்பில் காட்ட வேண்டும். பருத்தி காகித வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். பார்க்காமல் தைத்தால் பருத்திக்கு வைத்த இஸ்திரிச் சூட்டில் பாலியஸ்டர்ப் பட்டை மட்டும் சுருங்கி முழுக் கட்டத்தையும் இழுத்துவிடும். தைப்பதற்கு ஆகும் நேரத்தைவிடப் பிரிப்பதற்கு ஆகும் நேரம் அதிகம். பலர் இதில்தான் கைவிடுகிறார்கள், மிதியடிக்குப் போகிறார்கள்.

வெட்டுகிறவருக்கு இந்தச் சோதனையே வேண்டாம். கத்தரி இறங்கும்போதே கைக்குத் தெரியும் இது டூ பை டூவா, காட்டனா, சிந்தடிக்கா என்று. வெட்டு மேசைக்கு அடியில் ஒரு சாக்குக்குப் பதில் இரண்டு வையுங்கள். கை போகிற திசை மட்டும்தான் மாற வேண்டும். ஒரு விரல் அகலமும் ஒரு சாண் நீளமும் இருந்தால் எடுத்து வையுங்கள், அதற்குக் குறைந்தது போகட்டும். கழுத்து வெட்டிய துண்டைக் கட்டாயம் வையுங்கள். இப்போதைய பெண்கள் முதுகுக் கழுத்தை இறக்குகிற இறக்கத்தில் எங்கள் காலத்தை விடப் பெரிய துண்டு கிடைக்கிறது. ஃபேஷனால் ஒரு நன்மை.

எங்கள் தெருக் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் வேறொரு சங்கடத்தைச் சொன்னார். துண்டை எடுத்துவைத்தால் துணியை அமுக்கிவிட்டான் என்று பேச்சு வருமாம். தையற்காரன் மேல் இந்தச் சந்தேகம் இன்று நேற்று வந்ததில்லை. அப்பா நிறுத்துக் கொடுத்ததும் அதற்காகத்தான். ஆகையால் வாசகிகளே, ரவிக்கை வாங்கும்போது கொக்கி வைத்தாயா, கை சரியா என்று பார்ப்பதோடு, வெட்டின துண்டு எங்கே என்றும் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். அவருக்கு அது போதும். இப்போது அவர் மேசைக்கடியில் இரண்டு சாக்கு இருக்கிறது. பருத்திச் சாக்கு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறது. பள்ளி விட்டு வரும் பெண்பிள்ளைகள் சிலரும் ஒரு பையனும் அதில் கை விட்டுத் துழாவுகிறார்கள். அந்தப் பையன்தான் மூலை பிசகாமல் சேர்க்கிறான்.

மகளிர் பக்கப் பொறுப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். பட்டைக் கட்டத்தின் படத்தை வெளியிடுங்கள். ஆனால் வெளியிட்டால் முழு அளவில் வெளியிடுங்கள். ரவிக்கை அளவுப் படங்களைச் சுருக்கிச் சுருக்கி, எண் கூடத் தெரியாமல் போடுகிற வழக்கம் பல பத்திரிகைகளுக்கு இருக்கிறது. 6½ இஞ்ச் சதுரம் உங்கள் பக்கத்தில் பாதி அகலம்தான் பிடிக்கும். சுற்றிலும் கால் இஞ்ச் உள்ளே புள்ளிக்கோடு, மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு, வேறு அலங்காரம் வேண்டாம். வெட்டி அட்டையில் ஒட்டி அதையே அளவாக வைத்துக்கொள்வார்கள். அச்சுக்கு அனுப்பும் முன் அளவுகோலை வைத்து ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள். அச்சகத்தில் அரைக்கால் இஞ்ச் சுருங்கினாலும் நீளத்துக்கு 12 கட்டத்தில் போர்வை ஒன்றரை இஞ்ச் குறைந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.